மாடு மெல்லும் புல்லும் பெட்ரோலில் கலக்கும் எத்தனாலும்

(உரையின் எழுத்து வடிவம்)



இதைச் செல்பேசியில் படித்துக்கொண்டிருக்கும் உங்களில் சிலர் மாடு வளர்ப்பவர்களாக இருக்கலாம். பலர் காலையில் பால் பாக்கெட் வாங்குகிறவர்கள், பைக்குக்குப் பெட்ரோல் போடுகிறவர்கள். இன்று பேசப்போகிற விஷயம் எல்லோருக்கும் பொதுவானது. புல்லைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

"புல்லுல பேச என்ன இருக்கு?" என்று கேட்கத் தோன்றும். ஒரு மாட்டின் பால் அளவையும், சில நேரம் அதன் உயிரையும் முடிவு செய்வது அந்தப் புல்லுக்குள் இருக்கும் வேதியியல். நாளைக்கு எரிபொருள் எதிலிருந்து வரும் என்ற கேள்விக்கும் அங்கேதான் பதில் தேடுகிறார்கள். அந்த ஆராய்ச்சி என்ன சொல்கிறது, அதில் உங்கள் கொட்டகைக்கு உதவுவது எது என்று பார்ப்போம்.

மாட்டுக்கும் ஆலைக்கும் ஒரே பூட்டு

புல்லின் தண்டு நிமிர்ந்து நிற்கக் காரணம் அதன் செல் சுவர். அதில் முக்கியமாக மூன்று பொருள்கள் உண்டு: செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ், லிக்னின். முதல் இரண்டும் சர்க்கரைச் சங்கிலிகள். கட்டடத்தில் இவை கம்பி மாதிரி என்றால், அதைச் சுற்றி இறுகிப்போன சிமென்ட் மாதிரி இருப்பது லிக்னின்.

மாட்டின் வயிற்றில் நான்கு அறைகள். பெரிய அறையில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் செல்லுலோஸை உடைத்து மாட்டுக்குச் சத்தாக மாற்றிக் கொடுக்கின்றன. மாடு ஒரு நாளில் சுமார் 8 மணி நேரம் அசை போடுவதும் இந்த வேலைக்காகத்தான். ஆனால் லிக்னினை அந்த நுண்ணுயிர்களால் உடைக்க முடியாது. லிக்னின் கூடக் கூட, அதற்குள் மாட்டிக்கொண்ட சர்க்கரையும் சாணத்தோடு வெளியே போய்விடுகிறது. முற்றிய புல்லை வயிறு நிறையப் போட்டும் பால் ஏறவில்லை என்று சொல்கிறார்களே, அதற்கு இது முக்கியமான காரணம்.

புல்லிலிருந்து எத்தனால் எடுக்கும் ஆலைக்கும் இதே பிரச்சினைதான். அங்கே மாட்டின் பல்லுக்குப் பதிலாக இயந்திரமும் நீராவியும் அமிலமும் இருக்கும். நுண்ணுயிர்களின் வேலையை நொதிகளும் ஈஸ்ட்டும் செய்யும். லிக்னினைத் தளர்த்தினால்தான் உள்ளே இருக்கும் சர்க்கரை கிடைக்கும். அதனால்தான் தீவனப் பயிர் ஆராய்ச்சியும் எரிபொருள் புல் ஆராய்ச்சியும் ஒரே பூட்டைத்தான் திறக்கப் பார்க்கின்றன.

இதற்கு அடிப்படை போட்டுக் கொடுத்தவர் பீட்டர் வான் சோஸ்ட் என்ற அமெரிக்க விஞ்ஞானி. 1960களில் அவர் தீவனத்தைச் சோப்புத்தூள் போன்ற சலவைப் பொருள் கரைசலில் கொதிக்க வைத்து, கரைவது எவ்வளவு, கரையாத நார் எவ்வளவு என்று பிரித்துக் காட்டினார். இன்றும் உலகம் முழுக்கத் தீவன ஆய்வகங்கள் இந்த முறையைத்தான் பயன்படுத்துகின்றன.

பூட்டைத் தளர்த்திய ஆராய்ச்சிகள்

1924ஆம் ஆண்டு அமெரிக்காவின் மினசோட்டாவில், ஒரு மக்காச்சோள வயலில் சில செடிகளின் இலை நடுநரம்பு மட்டும் பழுப்பாக இருந்தது. அந்தச் செடிகளில் லிக்னின் குறைவு என்பது பிறகு தெரியவந்தது. 1970களில் பர்டூ பல்கலைக்கழகத்தில் இதே குணமுள்ள சோளத்தையும் உருவாக்கினார்கள். மாட்டுக்கு நன்றாகச் செரித்தது. ஆனால் ஒரு சிக்கல்: லிக்னின் குறைந்தால் செடிக்கு முதுகெலும்பு பலவீனம். சில ரகங்கள் காற்றில் சாய்ந்தன, விளைச்சலும் குறைந்தது. செரிமானமும் வேண்டும், செடியும் நிற்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இன்றைக்கும் ஆராய்ச்சி நகர்கிறது.

எரிபொருள் பக்கம் வந்தால், ஸ்விட்ச்கிராஸ் என்ற வட அமெரிக்கப் புல்வெளிப் புல் முக்கியமானது. ஆள் உயரத்தைத் தாண்டி வளரும். ஒருமுறை விதைத்தால் பல வருடம் அறுக்கலாம். 1991இல் அமெரிக்க எரிசக்தித் துறை இதை மாதிரி ஆற்றல் பயிராகத் தேர்ந்தெடுத்தது. லிக்னின் உருவாக்கத்தில் வேலை செய்யும் ஒரு மரபணுவை அடக்கியபோது, அந்தப் புல்லிலிருந்து கிடைத்த எத்தனால் 38 சதவீதம் வரை கூடியதாக 2011இல் ஆய்வு முடிவு வெளியானது.

நம் நாட்டில் இது ஏற்கெனவே ஆலை அளவுக்கு வந்துவிட்டது. 2022 ஆகஸ்டில் ஹரியானாவின் பானிபட்டில் இந்தியன் ஆயில் நிறுவனத்தின் ஆலை திறக்கப்பட்டது. ஆண்டுக்குச் சுமார் 2 லட்சம் டன் வைக்கோலிலிருந்து 3 கோடி லிட்டர் எத்தனால் எடுக்கும் திட்டம் அது. வயலில் எரிக்கப்படும் வைக்கோலுக்கு ஒரு வேலை கிடைக்கிறது என்பது நல்ல செய்தி. ஆனால் வைக்கோல் நம் ஊரில் மாட்டின் சாப்பாடும்கூட. எது ஆலைக்கு, எது கொட்டகைக்கு என்ற கணக்கைச் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கும்.

ஆலை இல்லாமலே வீட்டில் இந்தப் பூட்டைத் தளர்த்த ஒரு வழி உண்டு: யூரியா ஊட்டமேற்றிய வைக்கோல். 100 கிலோ காய்ந்த வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா போதும். அதைச் சுமார் 60 லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து, மிதித்து அழுத்தி, காற்றுப் புகாமல் பாலித்தீன் தாளால் மூடி, 21 நாள் வைக்க வேண்டும். யூரியாவிலிருந்து வரும் அம்மோனியா, லிக்னினுக்கும் ஹெமிசெல்லுலோஸுக்கும் இடையிலான பிணைப்புகளை உடைக்கிறது. எடுத்ததும் வாடை போகும்வரை காற்றாட விட்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும். கன்றுகளுக்குக் கொடுக்கக் கூடாது. யூரியாவை நேரடியாகத் தீவனத்திலோ தண்ணீரிலோ கலக்கவே கூடாது. அது உயிரைப் பறிக்கும்.

இளஞ்சோளத்தில் இருக்கும் விஷம்

இப்போது சொல்லப்போவதைத் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள்.

சோளப்பயிரில் துரின் என்ற பொருள் இருக்கிறது. 1902இல் டன்ஸ்டன், ஹென்றி என்ற இரு விஞ்ஞானிகள் இதைப் பிரித்தெடுத்தார்கள். துரின் இலையில் ஒரு இடத்திலும், அதை உடைக்கும் நொதி வேறு இடத்திலும் இருக்கும். தீப்பெட்டி ஒரு அறையில், பெட்ரோல் இன்னொரு அறையில் இருப்பது மாதிரி. மாடு மெல்லும்போது இரண்டும் கலக்கின்றன. உடனே ஹைட்ரஜன் சயனைடு வெளிவருகிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் இருந்தும் உடலின் செல்களால் அதைப் பயன்படுத்த முடியாமல் போகிறது.

எப்போது ஆபத்து அதிகம்? பயிர் இளசாக இருக்கும்போது. மழை இல்லாமல் வாடி நிற்கும்போது. அறுத்த கட்டையிலிருந்து புதிதாகத் துளிர்க்கும்போது. தழைச்சத்து உரம் அதிகமாகப் போட்டபோது. வறட்சிக்குப் பிறகு ஒரு மழை பெய்து, சோளக்காடு பச்சைப்பசேல் என்று துளிர்த்தால் மாட்டை அவிழ்த்துவிடத் தோன்றும். அந்த நேரத்தில்தான் விடக் கூடாது.

சாப்பிட்ட சில நிமிடங்களிலேயே மூச்சு வாங்கும், எச்சில் வடியும், உடல் நடுங்கும், தள்ளாடி விழும். கால்நடை மருத்துவர் ஊசி மூலம் கொடுக்கும் மாற்றுமருந்து உண்டு. ஆனால் நேரம் மிகக் குறைவு. அதனால் தடுப்பதுதான் உண்மையான மருந்து.

தடுப்பது எளிது. பயிர் பாதி பூத்த பிறகே அறுங்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மறுதாம்பு தீவனச் சோளம் கோ எஃப்.எஸ். 29 என்றால், முதல் அறுப்பு சுமார் 65 நாளில், அடுத்தடுத்து 50 நாளைக்கு ஒருமுறை. வெயிலில் நன்றாக உலர்த்தினாலும், ஊறுகாய்ப் புல்லாகப் பதப்படுத்தினாலும் விஷம் பெருமளவு குறையும். பசியோடு இருக்கும் மாட்டை ஒருபோதும் சோளக்காட்டில் விடாதீர்கள்.

நேப்பியரும் சவுண்டலும்

கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் நம்ம ஊர்ப் பிள்ளை. இந்தியாவின் முதல் கம்பு நேப்பியர் ஒட்டு 1953இல் கோயம்புத்தூரில்தான் உருவானது. இதில் சயனைடு கவலை இல்லை. ஆனால் ஆக்சலேட் இருக்கிறது. அது உடலின் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொள்ளும். கறவை மாட்டுக்கு அது மட்டுமே தீவனமாக இருக்கக் கூடாது. மூன்று பங்கு புல்லுக்கு ஒரு பங்கு வேலிமசால், காராமணி, அகத்தி போன்ற பயறுவகைத் தீவனம் சேருங்கள். முதல் அறுப்பு 75 முதல் 80 நாளில், பிறகு 45 நாளைக்கு ஒருமுறை. தள்ளிப்போட்டால் எடை கூடும், லிக்னினும் கூடும்.

சவுண்டல் என்கிற சுபாபுல் தழையில் மிமோசின் உண்டு. அளவு மீறினால் முடி கொட்டும், கழுத்தில் வீக்கம் வரும். ஆனால் ஹவாய்த் தீவில் ஆடுகள் இதைத் தின்றும் நன்றாக இருந்ததை ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆஸ்திரேலிய விஞ்ஞானி கவனித்தார். அந்த ஆடுகளின் வயிற்றில் இருந்த ஒரு பாக்டீரியாதான் நஞ்சை உடைத்துக்கொண்டிருந்தது. அதை 1980களில் ஆஸ்திரேலியக் கால்நடைகளுக்கு மாற்றி வெற்றி பெற்றார்கள். 1992இல் அந்த பாக்டீரியாவுக்கு அவர் பெயரையே சேர்த்து வைத்தார்கள். நம் கொட்டகைக்கு எளிய விதி: மொத்தத் தீவனத்தில் சவுண்டல் மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம்.

உங்கள் செல்பேசியில் இன்றே செய்யக்கூடியவை

• தீவனம் விதைத்த தேதியைச் செல்பேசி நாட்காட்டியில் போட்டு, அறுப்பு நாளுக்கு நினைவூட்டல் வையுங்கள். சோளத்துக்கு இது உயிர் காக்கும் அலாரம்.

• விதைப் பையின் சீட்டைப் படம் எடுத்து வையுங்கள். எந்த ரகம் என்று தெரிந்தால்தான் நாள் கணக்கு சரியாக வரும்.

• 1962 என்ற கால்நடை அவசர உதவி எண்ணை வீட்டில் உள்ள எல்லோருடைய செல்பேசியிலும் சேமியுங்கள். அருகில் உள்ள கால்நடை மருத்துவரின் எண்ணும் இருக்கட்டும்.

• உழவன் செயலியில் வானிலையும் விதை இருப்பும் பார்க்கலாம். பயிர் சந்தேகங்களுக்கு 1800 180 1551 என்ற கட்டணமில்லா உழவர் அழைப்பு மையத்தில் தமிழிலேயே கேட்கலாம்.

• தீவனத்தின் தரம் தெரிய வேண்டுமானால், நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகம் இருக்கிறது.

மாடு இல்லாதவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஊரில் உங்கள் பெரியப்பாவோ அத்தையோ மாடு வைத்திருப்பார்கள். அவர்களிடம் இந்தச் செயலிகள் எல்லாம் இருக்க வேண்டும் என்பதில்லை. அடுத்த முறை போன் பேசும்போது, "சோளம் பூத்துடுச்சா? பூக்காம மாட்டுக்குப் போடாதீங்க" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். 1962 எண்ணையும் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.