பூக்காரம்மாவின் கடன் மனு
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



நேற்று மேலநீலிதநல்லூரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் பழைய கூட்டாளி ஒருவன், "இப்ப என்னலே வேல பாக்க?" என்றான். வணிகத்துக்கான செயற்கை நுண்ணறிவைக் கல்லூரியில் கற்பிக்கிறேன் என்றேன். "கம்ப்யூட்டருக்கு யாவாரம் சொல்லிக் கொடுக்கியாக்கும்!" என்று சிரித்தான். ஏறக்குறைய அதேதான்.

இத்துறை முன்னோடிகளில் ஒருவரான ராஜ் ரெட்டி, 1937-இல் அன்றைய சென்னை மாகாணக் கிராமம் ஒன்றில் பிறந்து, 1958-இல் கிண்டி பொறியியல் கல்லூரியில் பட்டம் பெற்றவர். செயற்கை நுண்ணறிவு நடைமுறைக்கும் வணிகத்துக்கும் உதவும் என்று செய்துகாட்டியதற்காக 1994-ஆம் ஆண்டின் டூரிங் விருது அவருக்கும் எட்வர்ட் ஃபைகன்பாமுக்கும் கிடைத்தது. அக்காலத்தில் நிபுணரிடம் கேட்டு விதிகளை எழுதிக் கொடுப்போம். இன்று பழைய கணக்கைக் கொடுத்தால் கணினி தானே கற்றுக்கொள்கிறது. சிக்கலும் அங்கேதான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிதி நிறுவனத்துக்காகக் கடன் மனுக்களைத் தரம்பிரிக்கும் நிரலை உருவாக்கினேன். சோதனையில் நன்றாகவே தேறியது. ஒருநாள் விளையாட்டாக எங்க அம்மாவின் விவரங்களைக் கொடுத்துப் பார்த்தேன். சங்கரன்கோவிலில் பூ விற்று என்னைப் படிக்க வைத்தவர். முகூர்த்த மாதங்களில் நாலு காசு பார்ப்பார். ஆடியில் கையைக் கடிக்கும். கணினி சொன்ன பதில்: "கடன் தர இயலாது."

தப்பு என்னுடையது. மாதாமாதம் ஒரே தொகை வருவதையே நாணயத்துக்கு அடையாளமாக வைத்திருந்தேன். நான் கொடுத்த பழைய கணக்கில் இருந்தவர்கள் பெரும்பாலும் சம்பளக்காரர்கள். பூக்காரிக்கு யாரும் கடனே கொடுக்காதபோது, அவர் ஒழுங்காகக் கட்டுவார் என்று கணினிக்கு எப்படித் தெரியும்? தண்டல்காரரிடம் வாங்கிய பணத்துக்கு அம்மா ஒருநாளும் தவணை தவறியதில்லை. அது எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

முழு வருஷ வரவையும் பார்க்கும்படி நிரலை மாற்றினேன். கணினி தள்ளிய மனுவை மனிதர் ஒருவர் மறுபடி படிக்க வேண்டும் என்றும் சேர்த்தேன். இப்போது புதிய மாணவர்களுக்கு முதல் பாடமே அம்மாவின் மனுதான்.

இங்கே படிக்கும் தம்பி தங்கைகளே, இத்துறைக்குத் தைரியமா வாங்க. ஆடிக்கும் தைக்கும் வரவு எப்படி மாறும் என்று தெரிஞ்ச ஆள் அங்கே ரொம்பக் குறைச்சல்.