கிராமத்து ஆசிரியை செப்டிமா கிளார்க்

(ஆசிரியரும் கமக்காரரும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)



மன்னர்க்கும் மந்திரிகளுக்கும் இடமளிக்கும் வரலாற்று ஏடுகள், கரும்பலகையின் முன்னே நின்று ஓய்ந்தவர்களைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றன. மறக்கலாகாத அத்தகைய ஓர் ஆசிரியையைப் பற்றி இன்று பேச விழைகின்றேன். அவர் பெயர் செப்டிமா கிளார்க். அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்துச் சாள்ஸ்டன் நகரில் 1898 ஆம் ஆண்டு பிறந்தவர். தந்தையார் அடிமையாகப் பிறந்தவர். தாயார் பிறர் துணி வெளுத்துப் பிள்ளைகளை வளர்த்தவர்.

பதினெட்டு வயதில் அவர் ஆசிரியையானார். ஆனால், சாள்ஸ்டன் நகரத்து அரசினர் பாடசாலைகளிலே கறுப்பின ஆசிரியர்க்கு அன்று இடமில்லை. எனவே 1916 இல் ஜோன்ஸ் தீவு என்னும் கமக்காரர் தீவுக்குப் படகேறிச் சென்றார். அங்கே 132 பிள்ளைகள், ஆசிரியர் இருவர். தலைமையாசிரியையும் அவரே. சம்பளம் 35 டொலர். எதிரே வெள்ளையர் பிள்ளைகளுக்கான பாடசாலை. அங்கே மாணவர் மூவர். ஆசிரியையின் சம்பளமோ 85 டொலர்! இதற்கு மேலும் விளக்கம் வேண்டுமோ?

கரும்பலகை இல்லாத குறையை அவர் கடதாசிப் பைகளில் எழுதித் தீர்த்தார். பிள்ளைகள் தம் வாயாற் சொன்ன சொற்களையே எழுதி, அவற்றையே வாசிக்கப் பழக்கினார். பகலில் வயலில் உழைத்த பெரியவர்கள் இரவில் வந்தனர், அவர்களுக்கும் எழுத்தறிவித்தார்.

1920 இல் அவர் மணம் புரிந்தார். 1925 இல் கணவர் காலமானார். ஆசிரியையின் சிறு ஊதியத்தில் மகனைத் தம்முடன் வைத்து வளர்க்க இயலவில்லை. அப்பிள்ளை வட கரோலினாவிலே தன் அப்பாச்சியின் அரவணைப்பில் வளர்ந்தான். ஊரார் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த தாய், தன் பிள்ளையைப் பிரிந்திருந்தாள். பின்னாளிற் பேரப்பிள்ளைகளைக் கண்டு மகிழ்ந்த அந்த மூதாட்டி, ஒரு பேரனை வளர்த்தெடுக்க அப்பாச்சி ஒருத்தி படும் பாட்டினை நன்கறிந்தவர்.

அன்பர்களே! அவர் வாழ்வின் பெருஞ்சோதனை 1956 இல் வந்தது. கறுப்பின மக்களின் உரிமைக்காக உழைத்த தேசிய சங்கத்தில் அரசாங்க ஊழியர் எவரும் அங்கத்தவராக இருத்தல் கூடாது எனத் தென் கரோலினாச் சட்டசபை விதித்தது. சங்கத்தை விட்டு விலகினால் வேலை நிலைக்கும். செப்டிமா விலகவில்லை. நாற்பதாண்டுச் சேவைக்குப் பின் வேலையும் போயிற்று. இளைப்பாற்றுச் சம்பளமும் போயிற்று. சட்டத்தை எதிர்த்து எழுமாறு 726 ஆசிரியர்களுக்கு அவர் கடிதம் எழுதினார். விடையளித்தவர் மிகச் சிலர். அதிகாரியைக் காண உடன் வந்தவர்களோ கைவிரல்களுக்குள் அடங்குவர்.

அவர் எவரையும் நிந்திக்கவில்லை. ஆயத்தமில்லாத மக்களை முன்னே தள்ளுதல் பயன் தராது. முதலில் அவர்களை ஆயத்தப்படுத்த வேண்டும் என்பதே அவர் கண்ட பாடம். அப்பொழுது அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. பலர் சாய்வுநாற்காலியை நாடும் வயதிலே, அவர் தம் வாழ்வின் பெரும்பணியைத் தொடங்கினார்.

அக்காலத்தில் தென் கரோலினாவில் வாக்காளராகப் பதிவுபெற விரும்பும் ஏழை, அரசியலமைப்பின் ஒரு பகுதியை அதிகாரி முன் வாசித்துக்காட்ட வேண்டும். பாடசாலையை மறுத்தவர்களே, வாசிக்கத் தெரியாதென்று வாக்கையும் மறுத்தனர். இந்தப் பூட்டுக்குத் திறவுகோல் செய்தவர் செப்டிமா. 1957 சனவரியில், அதே ஜோன்ஸ் தீவிலே, கூட்டுறவுக் கடையொன்றின் பின்னறையில் முதலாவது குடியுரிமைப் பாடசாலை திறக்கப்பட்டது. முன்னே பலசரக்கு வியாபாரம், பின்னே எழுத்தறிவு. மாணவர் 14 பேர். கமத்தொழில் ஓய்ந்திருக்கும் குளிர்கால இரவுகளே வகுப்புக்குத் தெரிந்தெடுக்கப்பட்டன. அதன் பொருத்தம் கமக்காரர்களாகிய உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கற்பித்தவர் பேர்ணிஸ் றொபின்சன். கூந்தல் அலங்காரத் தொழில் செய்தவர். “நீங்கள் எதைக் கற்க விரும்புகின்றீர்கள்?” என்பதே அவர் முதற் கேள்வி. தம் பெயரை எழுதவும், வேதாகமத்தையும் பத்திரிகையையும் வாசிக்கவும், காசுக்கட்டளைப் படிவம் நிரப்பவும், கணக்குப் பார்க்கவும் வேண்டும் என்றனர். அவையே பாடங்களாயின. அறுபதைக் கடந்த மூதாட்டி ஒருத்தி, பலகையிலிருந்த பல பெயர்களுக்கிடையே தன் பெயரை இனங்கண்டு சுட்டிக்காட்டினாள். கைநாட்டு வைத்தே வாழ்ந்த ஒருவருக்கு அந்தக் கணம் எத்தகையதென எண்ணிப்பாருங்கள்!

1961 முதல் இப்பணி மார்ட்டின் லூதர் கிங் அவர்களின் இயக்கத்தோடு இணைந்தது. ஜோர்ஜியா மாநிலத்திலே செப்டிமா ஆசிரியர்களைப் பயிற்றினார். பட்டதாரிகளையே அவர் தேடவில்லை. அயலார் நம்பும் ஒருவர், உரக்க வாசிக்கவும் தெளிவாக எழுதவும் வல்லவராயின் போதும் என்றார். 1970 இல் அவர் ஓய்வு பெறுமுன் ஏறத்தாழ 900 பாடசாலைகள் நடைபெற்றன. 1965 ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம் அப்பகுதிகளில் எழுத்தறிவுச் சோதனையை ஒழித்தது. ஊர்வலங்களை உலகம் கண்டது. அவற்றுக்கு மக்களை ஆயத்தப்படுத்திய பின்னறைகளைக் கண்டவர் சிலரே.

காலம் மாறியது. அவரை நீக்கிய அதே ஊரின் கல்விச் சபைக்கு 1970களில் அவர் தெரிவுசெய்யப்பட்டார். 1976 இல் இளைப்பாற்றுச் சம்பளத்திற்கு அவர் உரியவரென அம்மாநில ஆளுநர் ஏற்றுக்கொண்டார். இருபதாண்டு பிந்திய நீதி! 1987 டிசம்பரில், 89 ஆம் வயதில், ஜோன்ஸ் தீவில் அவர் காலமானார்.

ஆசிரியப் பெருமக்களே! சம்பளமும் பதவியும் ஒரு சட்டத்தாற் பறிபோகலாம். ஆனால், ஒருவருக்குக் கற்பித்த எழுத்தை எந்தச் சட்டசபையும் திரும்பப் பெற முடியாது. உங்கள் ஊரிலே படிவம் நிரப்பப் பிறர் கையை நாடும் மூதாட்டி ஒருத்தியேனும் இருப்பாளாயின், மாலையில் அரைமணி நேரம் அவளருகே அமருங்கள். முதலில் அவள் பெயரை எழுதிக் காட்டுங்கள். செப்டிமா அம்மையாரை நினைவுகூர இதனினும் சிறந்த வழி யானறியேன்.