சிவப்புக் கோட்டை மட்டும் நம்பாதீர்கள்

(சிட்னியில் எமது சங்கத்தின் மூத்தோர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தைப்பொங்கலுக்கு முதல்நாள் எங்கட மாமி, கராஜில் கவிழ்த்து வைத்திருந்த பொங்கல் பானையை எடுக்கப் போனா. விரலில் ஏதோ சுள்ளென்று குத்தியது. பானைக்குள் சின்ன மண்ணிறச் சிலந்தி ஒன்று. "ரெட்பேக் எண்டால் முதுகில சிவப்புக் கோடு இருக்கும். இதில இல்லை, பயப்படாதேங்கோ" என்று சொன்னது நான்தான். இரவு கை முழுக்க நோவு; கடித்த இடம் வியர்த்துக் கொட்டியது. பொங்கல் குழம்பிவிடுமென்று மாமி விடியும்வரை வாய் திறக்கவில்லை. நான் போத்தலில் அடைத்துக் கொண்டுபோன சிலந்தியைப் பார்த்த டொக்டர், அது ரெட்பேக்தான் என்றார்.

ரெட்பேக், அமெரிக்காவின் பிளாக் விடோ சிலந்திக்கு நெருங்கிய சொந்தம். படங்களில் கன்னங்கரேலென்று, முதுகில் சிவப்புக் கோட்டோடு இருக்கும். ஆனால் எல்லாம் அப்படியில்லை. சிலவற்றில் கோடு துண்டு துண்டாக இருக்கும். சிலவற்றில் செம்மஞ்சளாக இருக்கும். சிலவற்றில் கோடே இராது. உடல் மண்ணிறமாகவும் இருக்கலாம். இளம் சிலந்திகளில் வெள்ளைக் குறிகளும் உண்டு.

அப்ப எதைப் பார்க்கிறது? வளர்ந்த பெண் சிலந்தியின் உடல் ஏறக்குறைய 1 சென்ரிமீற்றர். வயிறு கடலை போல உருண்டை, கால்கள் மெலிவு. வயிற்றின் அடியில் உடுக்கு வடிவில் சிவப்பு அல்லது செம்மஞ்சள் அடையாளம் இருக்கும். அதைப் பார்க்கவென்று கையால் புரட்ட வேண்டாம்! வலையைப் பாருங்கள்: ஒழுங்கில்லாமல் சிக்குப்பட்டு, கீழே நிலத்துக்கு இறுக்கமான நூல்கள் ஓடும். பூச்சாடியின் அடி, தபால்பெட்டி, வெளியே விட்ட சப்பாத்து, பிள்ளைகளின் சைக்கிள் எல்லாம் அதன் வீடுதான். சந்தேகமென்றால் ரெட்பேக் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

கடித்தால், ஊரில் பாம்புக்குக் கட்டினதுபோல் கட்ட வேண்டாம். இந்த விஷம் மெதுவாகத்தான் வேலை செய்யும்; கட்டினால் நோவுதான் கூடும். ஐஸை துணியில் சுற்றி வையுங்கள். ஆனால் பெரிய கறுத்தச் சிலந்தி கடித்தால் அது ஃபனல் வெப் ஆக இருக்கலாம். அதற்குக் கட்டாயம் கை கால் முழுவதும் இறுக்கமாக பண்டேஜ் சுற்றி, ஆளை அசையவிடாமல் 000 அழைக்க வேண்டும்.

ரெட்பேக்குக்கு 1956 முதல் மாற்று மருந்து இருக்கிறது. நோவு கூடினால், வியர்த்தால், வாந்தி வந்தால், கடிபட்டது குழந்தையென்றால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஆலோசனைக்கு நஞ்சுத் தகவல் நிலையம் 13 11 26. இங்கிலிஸ் கஷ்டமென்றால் 131 450 எடுத்து "தமிழ்" என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளர் வருவார்.

வருசத்துக்கு வீடு துப்பரவாக்கும்போது கையுறை போடுங்கள். அம்மாமாரே, நோவை மறைக்காதேங்கோ. மாமி இப்ப சுகம்; பானையைத் தட்டிப் பார்த்துத்தான் எடுக்கிறா.