மேசையில் இருப்பது மீன் மட்டுமா?



நவீன ஓவியம் சாமானியருக்குப் புரியாது என்று எதிரணியினர் அடித்துச் சொல்கிறார்கள். அதற்குச் சான்றாக பிலிப்பைன்ஸ் ஓவியர் விசென்டே மனன்சாலாவின் பாணியை எடுத்துக்கொண்டார்கள். மேசை, கூஜா, மீன், பழம் என்று தொடங்குகிறதாம். உற்றுப் பார்த்தால் எல்லாம் உடைந்த கண்ணாடிச் சில்லாம். அவையும் சிரித்தது. சிரிக்கட்டும். ஆனால், வாசலில் போடும் சிக்குக் கோலத்தைப் பார்த்து, "இது என்ன உருவம், பூவா, பானையா?" என்று யாராவது கேட்டதுண்டா? புள்ளிகளைச் சுற்றி வளைந்த கோடு தொடங்கிய இடத்திலேயே வந்து சேருகிறது. கண்ணும் அதன் பின்னாலேயே போய் நிறைகிறது. அரூபக் கலை நம் பாட்டிமார்களுக்குப் பழைய சங்கதி!

சரி, இந்த மனன்சாலா யார்? 1910இல் பம்பாங்கா மாநிலத்தில் பிறந்தவர். 15 வயதில் விளம்பரப் பலகை எழுதும் கடையில் தூரிகை பிடித்தவர். பத்திரிகைகளுக்குப் படம் வரைந்து பிழைத்தவர். 1950இல் பிரெஞ்சு அரசின் உதவித்தொகையில் பாரிஸ் போனார்.

பாரிஸில் அதற்கு 40 ஆண்டுகளுக்கு முன்பே பிக்காசோவும் பிராக்கும் மேசைப் பொருள்களை உடைத்துப் பார்த்துவிட்டார்கள். கிட்டாரையோ மதுப்புட்டியையோ முன்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் மேலிருந்தும் பார்த்து, அத்தனை பார்வையையும் ஒரே படத்தில் அடுக்குவது, அதுதான் கியூபிசம். மனன்சாலா அதை அப்படியே இறக்குமதி செய்யவில்லை. அவருடைய வடிவங்கள் கண்ணாடித் தாள் போன்றவை. முன்னால் இருப்பது பின்னால் இருப்பதை மறைக்காது. கூஜா வழியே பழம் தெரியும், பழம் வழியே மேசையின் விளிம்பு தெரியும். மேசையில் வந்து உட்கார்ந்தவையும் அவர் ஊர்ச் சமையலறைச் சாமான்களே.

இது வெறும் அலங்காரமா? 1945 போரில் மணிலா நகரம் தரைமட்டமானது. இடிபாடுகளுக்கு நடுவே குடிசைகள் முளைத்தன. அந்தக் குடிசைத் தாயையும் குழந்தையையும் 1950இல் வரைந்த அதே கைதான் மீனையும் பழத்தையும் வரைந்தது. பசியைப் பார்த்தவர் வரைந்த தட்டு அது. அவருடைய வழியில் வந்த ஆங் கியுகோக்கிடம் அதே மீன் முள்ளும் கோணமுமாக மாறி, பார்ப்பவரைக் குத்துகிறது. சீனக் குடியேறிகளின் பிள்ளை அவர். ஜப்பான் மஞ்சூரியாவைப் பிடித்தபோது, "நாட்டைக் காப்பாற்று" என்று பொருள்படும் பெயரைத் தகப்பனார் மகனுக்கு மாற்றி வைத்தாராம். அப்படிப்பட்ட பெயரைச் சுமந்தவரின் சாப்பாட்டு மேசை சாதுவாக இருக்குமா?

பொருள்களை மட்டும் வரைந்தால் அதில் மனிதர் எங்கே என்று எதிரணித் தோழி கேட்டார். நல்ல கேள்வி. திதி நாளில் இலை போடுகிறோம். இறந்தவருக்குப் பிடித்த வடை, பிடித்த பழம், ஒரு கோப்பை காப்பி, வெற்றிலை எல்லாம் வைக்கிறோம். இலைக்கு முன் யாரும் இல்லை. ஆனால் அந்த வீட்டில் அன்றைக்கு அவரைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்? ஆளில்லாத படத்தில் ஆளைக் காண்பது நமக்குப் பழக்கம்தான்.

ஜாலான் புசார்க்காரர்களுக்கு இன்னும் எளிது. சுங்கை ரோடு பழைய பொருள் சந்தை 2017 ஜூலை 10ஆம் தேதி மூடப்படும் வரை, தார்ப்பாயில் என்னென்ன பரப்பியிருந்தார்கள்! நின்றுபோன கைக்கடிகாரம், ஒற்றைக் காது உடைந்த கண்ணாடி, யாரோ பிடித்துத் தேய்ந்த கரண்டி. நிறுத்தி நிதானமாகப் பார்த்தவர்களுக்கு ஒவ்வொரு தார்ப்பாயும் ஒரு ஓவியம். அதில் பலருடைய வாழ்க்கை ஒன்றின் வழியே ஒன்று தெரிந்தது. பேரம் பேசிக்கொண்டே பார்த்ததால் அதை ஓவியம் என்று நாம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஆக, புரியாமை படத்தில் இல்லை. பார்க்கக் கொடுக்கும் நேரத்தில் இருக்கிறது. ஒரு படத்துக்கு அரை நிமிடம்கூடக் கொடுக்காமல், "என் பிள்ளையே இதை வரைவான்" என்று நகர்ந்துவிடுகிறோம். பழைய உச்ச நீதிமன்றக் கட்டடத்திலும் நகர மண்டபத்திலும் 2015இல் திறந்த தேசிய கலைக்கூடம், ஜாலான் புசாரிலிருந்து நடந்தே போகக்கூடிய தொலைவில்தான் இருக்கிறது. ஜார்ஜெட் சென் வரைந்தவை உட்பட சிங்கப்பூர்ப் படைப்புகளோடு பிலிப்பைன்ஸ் ஓவியர்களின் படைப்புகளும் அங்கே உண்டு. குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் பொது நுழைவு இலவசம். எதிரணித் தோழி வரும் ஞாயிறு தேக்காவில் மீன் வாங்கி வீட்டில் வைத்துவிட்டு, அப்படியே ஒரு நடை அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்து பேசட்டும்.