அண்டை நாட்டு வாணிபமும் நமது விளைபொருளும்



அருகருகே உள்ள நாடுகள் தமக்குள் மிகுதியாக வாணிபம் செய்யும் என்று நாம் எண்ணுவது இயல்பு. ஆயினும் தெற்காசிய நாடுகளின் மொத்த வெளிநாட்டு வாணிபத்தில், அவை தமக்குள் செய்துகொள்வது ஏறக்குறைய 5 சதவீதமே. இதன் காரணங்களை நாம் அறிந்திருத்தல் வேண்டும். நமது வெங்காயத்தின் விலையும் அவற்றில் அடங்கியுள்ளது.

முதலாவது காரணம், அண்டை நாடுகளில் விளைவன பெரும்பாலும் ஒரே பொருள்கள். நாமும் இலங்கையாரும் நெல், தென்னை, தேயிலை, மிளகு ஆகியவற்றையே பயிரிடுகிறோம். ஒருவரிடம் உள்ளதே மற்றவரிடமும் இருப்பின் கொடுக்கல் வாங்கல் எங்ஙனம் பெருகும்? இரு நாடுகளும் ஏற்றுமதி செய்யும் தேயிலை பெரும்பாலும் தொலைதூர நாடுகளையே நாடிச் செல்கிறது.

இரண்டாவது, அரசாங்க விதிகளும் சுங்க வரியும். 1970-ஆம் ஆண்டுகளின் முற்பகுதியில் இலங்கை அரசாங்கம் மிளகாய், வெங்காய இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. யாழ்ப்பாணத்து உழவர் அவற்றைப் பயிரிட்டு நல்ல வருவாய் கண்டனர். 1977-க்குப் பின் இறக்குமதி திறந்துவிடப்பட்டது. வெளிநாட்டுச் சரக்கு வந்து இறங்கவே, அவர்களது வருவாய் குன்றியது. மண்ணும் மாறவில்லை, உழைப்பும் மாறவில்லை, மாறியது விதி ஒன்றே.

வரி வேற்றுமையே புதிய வாணிபத்தைத் தோற்றுவிப்பதும் உண்டு. இந்திய-இலங்கைத் தடையிலா வாணிப ஒப்பந்தம் 1998-இல் கையெழுத்தாகி, 2000 மார்ச் மாதத்தில் நடைமுறைக்கு வந்தது. அதன் பின்னர் இலங்கையிலிருந்து வனஸ்பதி ஏராளமாக நம் நாட்டிற்கு வரலாயிற்று. அது அந்நாட்டு விளைபொருளால் ஆனதன்று. வெளிநாட்டுப் பாமாயிலைக் குறைந்த வரியில் அங்கே இறக்கி, வனஸ்பதியாக்கி, வரியின்றி இங்கே அனுப்பினர். பிறகு இந்திய அரசாங்கம் அதற்கு ஆண்டு அளவு வகுத்தது. மிளகுக்கும் அவ்வாறே 2,500 டன் என வரையறுத்தது.

மூன்றாவது, நம்பிக்கை. 2023 டிசம்பரில் இந்திய அரசாங்கம் வெங்காய ஏற்றுமதியைத் தடை செய்தது; 2024 மே மாதத்தில் தடை நீங்கியது. இடைக்காலத்தில் இலங்கையில் விலை ஏறிற்று. மகாராஷ்டிரத்து உழவருக்கோ விலை இறங்கிற்று. சரக்கு வருமோ வராதோ என்று ஐயுறும் வியாபாரி வேறு நாட்டை நாடுவது இயற்கையே.

ஆகவே, எல்லோரும் ஒரே பயிரை விதைத்துவிட்டுக் கடல் கடந்த சந்தையை மட்டும் நம்பியிருத்தல் தகாது. ஏற்றுமதி விதிகளையும் சந்தை விலையையும் பஞ்சாயத்து அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையில் எழுதி வைப்போம். காற்றோட்டமுள்ள வெங்காயப் பட்டறைகளைக் கூட்டுறவு முறையில் அமைப்போம். விதி மாறும் நாளில் விளைச்சலைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடாமல் சில வாரங்கள் காத்திருக்க அவை நமக்குத் துணை நிற்கும்.