நாரத்தங்காய் சொல்லிக் கொடுத்த கணக்கு

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில், உப்பிலியபுரம் வட்டார உறுப்பினர் ஒருவர் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. மைக் பிடிச்சுப் பேசுறது இதுதான் முதல் தடவை. "நீ செய்யுற நாரத்தங்காயைப் பத்திப் பேசு, அது போதும்"னு எங்க ஊக்குநர் அக்கா சொன்னாங்க. அதனால வந்து நிக்கிறேன். தப்பு இருந்தா பொறுத்துக்கணும்.

நம்ம ஊரு எப்படிப்பட்ட ஊருன்னு உங்களுக்கே தெரியும். ஒரு பக்கம் பச்சைமலை, ஒரு பக்கம் கொல்லிமலை. வீட்டுக் கொல்லையில ஒரு நாரத்தை மரமோ எலுமிச்சை மரமோ பல பேர் வீட்டுல நிக்கும். காய்க்கிற காலத்துல ஆளுக்கு நாலு காய் குடுத்தது போக மீதி மரத்தடியிலேயே விழுந்து அழுகும். எங்க அத்தை மட்டும் ஒரு காயைக்கூட வீணாக்க மாட்டாங்க. உப்பு நாரத்தங்காய் போட்டு ஜாடி ஜாடியா வச்சிருப்பாங்க. மசக்கையா இருக்குற பொண்ணு, பஸ்ல போனா வாந்தி வர்ற பிள்ளை, காய்ச்சல் விட்டு வாய் கசக்குறவங்க, எல்லாரும் எங்க வீட்டுக்குத்தான் வருவாங்க. அத்தை ஒரு துண்டு கிள்ளிக் குடுப்பாங்க. காசு வாங்கினதே கிடையாது.

அத்தை எனக்குக் கத்துக் குடுத்த முறையை முதல்ல சொல்லிடறேன். ரொம்பப் பழுக்காத, பச்சை மாறி மஞ்சள் தட்டுற காயா எடுக்கணும். கழுவித் துணியால ஈரம் போகத் துடைக்கணும். தண்ணி ஒரு சொட்டு இருந்தாலும் ஆகாது. தோலும் சதையும் சேர்த்துச் சுருள் சுருளா, அறுந்து போகாம நறுக்கி, உள்ளே கல்லுப்பு அடைக்கணும். ஒரு கிலோ காய்க்குக் கால் கிலோ உப்பு. பீங்கான் ஜாடியில போட்டுத் துணி கட்டி, தினமும் ஒரு தடவை குலுக்கி விடணும். அலுமினியப் பாத்திரம் கூடாது, புளிப்பு அதை அரிச்சிடும். நாலஞ்சு நாள்ல காய் தண்ணி விட்டு மெத்துன்னு ஆயிடும். அப்புறம் பகல்ல காயை மட்டும் எடுத்து வெயில்ல காய வைக்கணும், சாயங்காலம் திரும்ப அந்த உப்புத் தண்ணியிலயே போடணும். தண்ணி முழுக்கக் காய் உறிஞ்சுற வரைக்கும் இப்படியே செய்யணும். கடைசியா மொறுமொறுன்னு காய்ஞ்சு, மேலே உப்புப் பூத்து நிக்கும். வருஷக்கணக்கா கெடாது.

நான் சங்கத்துல சேர்ந்து மூணாவது வருஷம், இதையே விக்கலாம்னு தோணிச்சு. எங்க வீட்டுக்காரர் சிரிச்சார். "நாரத்தங்காய்க்குப் போய் எவன் காசு குடுப்பான்?" அப்படின்னார். நான் சங்கத்துல 15,000 ரூபாய் கடன் வாங்கினேன். மாசம் 1,500 தவணை. 100 கிராம் பாக்கெட் 20 ரூபாய்னு துறையூர்ல ரெண்டு மூணு கடையில போட்டேன். நல்லா ஓடுச்சு. எனக்குத் தலைகால் புரியல.

இங்கதான் நான் முதல் தப்பு செஞ்சேன். அது தப்புன்னே எனக்கு அப்போ தெரியல. நான் எழுதி வச்சிருந்த கணக்கைச் சொல்றேன், கேளுங்க. பத்து கிலோ காய் 400 ரூபாய். உப்பு 30. கவரும் சீட்டும் 120. பஸ்ஸுக்கு 50. மொத்தம் 600 ரூபாய் செலவு. பத்து கிலோ காய் போட்டா உப்போட சேர்ந்து காய்ஞ்சு நாலு கிலோ வரும், அதாவது 40 பாக்கெட். 20 ரூபாய் வீதம் 800 ரூபாய். மிச்சம் 200. "200 ரூபாய் லாபம்"னு நோட்டுல எழுதி அடியில கோடு போட்டேன்.

கூட்டத்துல ஊக்குநர் அக்கா அந்த நோட்டை வாங்கிப் பார்த்துட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. "இதுல நீ எங்க இருக்க?"

எனக்குப் புரியல. "நறுக்கினது யாரு, குலுக்கினது யாரு, வெயில்ல வச்சு எடுத்தது யாரு? அந்த ஆளுக்குக் கூலி எங்க?" அப்படின்னாங்க. அங்கேயே உட்கார்ந்து எண்ணினோம். நறுக்க 4 மணி நேரம். தினமும் அரை மணின்னு 12 நாளைக்கு 6 மணி நேரம். பாக்கெட் போட 2 மணி. கடைக்குக் கொண்டு போய்ட்டு வர 2 மணி. மொத்தம் 14 மணி நேரம். 200 ரூபாயை 14-ஆல வகுத்தா மணிக்கு 14 ரூபாய் சொச்சம். களை எடுக்கப் போனாக்கூட அதைவிட அதிகம் கிடைக்கும். அத்தை காலத்துல இருந்து சும்மா குடுத்தே பழகிட்டோம் இல்லையா, நம்ம வேலைக்கு விலை போடவே நமக்குக் கூச்சமா இருக்கு.

அக்கா சொன்னது சரின்னு தெரிஞ்சும் நான் விலையை ஏத்தல. ஏத்தினா கடைக்காரர் வாங்க மாட்டார்னு பயம். அதுக்குப் பதிலா, நிறையச் செஞ்சு தவணையைச் சமாளிச்சிடலாம்னு நினைச்சேன். தீபாவளி நெருங்குது. இனிப்பா ஏதாவது போட்டா வேகமா போகும்னு ஆரஞ்சுத் தோல் மிட்டாய் ஆரம்பிச்சேன்.

அதோட முறையும் சொல்றேன். துறையூர்ல ஜூஸ் கடை வச்சிருக்கிற அண்ணன் ஒருத்தர் தோலைச் சும்மாவே குடுத்தார். காலையிலேயே நான் போய்ப் பழத்தை உப்புப் போட்ட வெந்நீர்ல கழுவிக் குடுத்துட்டு, அவர் உரிக்க உரிக்கச் சுத்தமான வாளியில வாங்கிட்டு வருவேன். குப்பையில போட்ட தோலை எடுக்கவே கூடாது. தோலை விரல் நீளத்துக்கு நறுக்கி, தண்ணியில பத்து நிமிஷம் கொதிக்க வச்சு, அந்தத் தண்ணியைக் கொட்டிடணும். இப்படி மூணு தடவை செஞ்சாத்தான் கசப்பு இறங்கும். அப்புறம் தோல் எடைக்குச் சமமா சர்க்கரை, அதுல பாதி தண்ணி விட்டுப் பாகு காய்ச்சி, தோலைப் போட்டுச் சின்னத் தீயில வேக விடணும். மூணு நாளைக்குத் தினமும் பாகை மட்டும் வடிச்சுத் திரும்பக் கொதிக்க வச்சுத் தோல் மேல ஊத்தணும். தோல் கண்ணாடி மாதிரி ஆகும். பிறகு வடிகட்டி, மெல்லிசுத் துணி மூடி, கையில ஒட்டாத வரைக்கும் வெயில்ல காய வைக்கணும். நல்ல வெயில்னா ரெண்டு மூணு நாள் போதும்.

நல்ல வெயில்னா. ஆனா அது ஐப்பசி மாசம். நம்ம பக்கம் அடைமழை பெய்யுற காலம். ஒண்ணரை நாள் வெயில் அடிச்சது, அப்புறம் மூடிக்கிச்சு. தொட்டுப் பார்த்தா மேல காய்ஞ்ச மாதிரிதான் இருந்துச்சு. தவணைத் தேதி கண்ணு முன்னாடி நிக்குது. சர்க்கரைப் பொடியில பிரட்டி, 80 பாக்கெட் ஒட்டிக் கடைக்கு அனுப்பிட்டேன்.

எட்டாம் நாள் ஒரு கடையில இருந்து போன். "என்னம்மா, பாக்கெட்டுக்குள்ள வேர்த்திருக்கு, பச்சையா என்னமோ படர்ந்திருக்கு"ன்னார். ஓடிப் போய்ப் பார்த்தேன். பூசணம். 80-ல 52 பாக்கெட் அப்படி இருந்துச்சு. மீதி 28 நல்லாத்தான் இருந்துச்சு. அதைத் துடைச்சு வித்துடலாமான்னு ஒரு நிமிஷம் மனசு அலைஞ்சது, பொய் சொல்ல மாட்டேன். வீட்டுல அழுதுட்டு உட்கார்ந்திருந்தேன். எங்க அத்தைதான், "ஒரு பிள்ளைக்கு வயித்தால போச்சுன்னா அப்புறம் இந்த ஊர்ல உன் கையால யாரும் பச்சைத் தண்ணி வாங்கிக் குடிக்க மாட்டாங்க. எல்லாத்தையும் குழியில போடு"ன்னாங்க. 80-ம் குழியில போட்டேன். கடைகளுக்குப் பணத்தைத் திருப்பினேன். சர்க்கரை, கேஸ், கவர், சீட்டு எல்லாம் சேர்த்து 1,340 ரூபாய் நஷ்டம். என் கூலி தனி.

அந்த வாரக் கூட்டத்துக்குப் போகவே வெட்கமா இருந்துச்சு. ஆனா அது சங்கத்துப் பணம், மறைக்க முடியுமா? போய்ச் சொன்னேன். யாரும் திட்டல. ஏன் இப்படி ஆச்சுன்னு எல்லாரும் சேர்ந்து யோசிச்சோம். மேல காய்ஞ்ச தோலுக்கு உள்ளே ஈரம் இருந்திருக்கு. பாக்கெட்டுல அடைச்சதும் அந்த ஈரம் வெளியே வந்து வேர்த்திருக்கு. வேர்த்த இடத்துல பூசணம் பிடிச்சிருக்கு. இது எல்லாருக்கும் புரிஞ்சது. ஆனா எனக்கு ராத்திரி படுத்து யோசிச்சப்போ இன்னொண்ணும் புரிஞ்சது. நான் ஏன் அவசரப்பட்டேன்? தவணைக்குப் பணம் இல்ல. ஏன் இல்ல? 35 ரூபாய்க்கு விக்க வேண்டியதை 20-க்கு வித்தேன். என் கூலியைச் சேர்க்காததாலதான் அவசரம் வந்துச்சு, அவசரத்தாலதான் பூசணம் வந்துச்சு.

அதுக்கப்புறம் எங்க சங்கத்துல நாலு காரியம் செஞ்சோம். யாரு எந்தப் பழத்தை, காயைக் காய வச்சு வித்தாலும் உதவும்.

ஒண்ணு, ஏழு நாள் ஜாடி. காய்ஞ்சதுன்னு கைக்குத் தெரிஞ்ச பிறகும் உடனே பாக்கெட் போடுறதில்ல. ஆற வச்சு, கண்ணாடி ஜாடியில முக்கால் அளவுக்குக் கீழேயே போட்டு இறுக்கமா மூடி, தினமும் குலுக்கிப் பார்ப்போம். கண்ணாடியில நீர் முத்து கட்டினா திரும்பவும் வெயிலுக்குப் போகும். ஏழு நாளும் கட்டலைன்னாத்தான் பாக்கெட். சூடா இருக்கும்போது அடைக்கவே கூடாது.

ரெண்டு, மழை வந்தா வெளியே எடுக்காதே. நாரத்தங்காய் அதோட உப்புத் தண்ணியிலயே இருக்கட்டும். தோல் கெட்டிப் பாகுலயே ஊறட்டும். உப்பும் சர்க்கரையும் வெயில் வர்ற வரைக்கும் காத்து வைக்கும். காய வைக்கும்போது கட்டில் மேல வச்சு, கால் நாலையும் தண்ணிக் கிண்ணத்துல நிறுத்தினா எறும்பு ஏறாது.

மூணு, விலை. இப்போ பாக்கெட் 35 ரூபாய். அதே 40 பாக்கெட்டுக்கு 1,400 வருது. செலவு போக 800. மணிக்கு 57 ரூபாய். ஒரு கடைக்காரர் விட்டுட்டார், உண்மைதான். மத்தவங்க வாங்குறாங்க. பயிற்சிக்குப் போன இடத்துல ஒரு விஷயம் கேட்டேன். சீனாவுல ஆரஞ்சுத் தோலைக் காய வச்சு வருஷக்கணக்கா வச்சிருந்து விக்கிறாங்களாம். பழசாக ஆக விலை கூடுமாம். காத்திருக்கிறதுக்கு அவங்க விலை வாங்குறாங்க, நாம மட்டும் ஏன் சும்மா குடுக்கணும்?

நாலு, சீட்டுல உண்மை. உணவுப் பாதுகாப்புத் துறையில பதிவு செய்ய நான் வருஷத்துக்கு 100 ரூபாய்தான் கட்டினேன். 14 இலக்க எண் குடுத்தாங்க. அந்த எண், என்னென்ன சேர்த்தது, எடை, பாக்கெட் போட்ட தேதி, எத்தனை நாளைக்குள்ள சாப்பிடணும், நம்ம முகவரி எல்லாம் போடணும். "பித்தம் தீரும், நோய் தீரும்"னு போடலாமேன்னு ஒரு தங்கச்சி கேட்டா. போடக் கூடாது. வெயில்லயும் சூட்டுலயும் பழத்துல இருக்கிற வைட்டமின் சி குறைஞ்சிடும். அதோட இது உப்புப் பண்டம். பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராம் உப்புக்குள்ளதான் நல்லதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. ரத்தக் கொதிப்பு இருக்கிறவங்க கேட்டா நானே, "ஒரு நகம் அளவு போதும்மா"ன்னு சொல்லித்தான் குடுக்கிறேன்.

கடைசியா கூட்டமைப்புக்கு ரெண்டு வேண்டுகோள். எங்க சங்கத்துல என் தவணையை மாத்திக் குடுத்தாங்க. வெயில் காலமான மாசியில இருந்து வைகாசி வரைக்கும் கூடுதலா கட்டுறேன், ஐப்பசி கார்த்திகையில குறைவா கட்டுறேன். வட்டியில ஒரு பைசா குறையல, ஒரு தவணையும் தவறல. வத்தல், வடகம், அப்பளம்னு வெயிலை நம்பித் தொழில் செய்யுற எல்லா உறுப்பினருக்கும் இந்த மாதிரி தவணை வைக்கலாம். இன்னொண்ணு, நம்ம ஊராட்சிக்குப் பொதுவா ஒரு சூரிய உலர்த்தி வேணும். 2020-ல வந்த பிரதமரின் குறு உணவுத் தொழில் திட்டத்துல, உணவுப் பண்டம் செய்யுற சுய உதவிக் குழு உறுப்பினருக்கு 40,000 ரூபாய் வரைக்கும் விதை மூலதனம்னு வச்சாங்க. அது கூட்டமைப்பு வழியாத்தான் குடுக்கிறதா இருந்துச்சு. எத்தனை பேர் காய வைக்கிற தொழில் செய்யுறோம்னு ஒரு பட்டியல் எடுத்தா சேர்ந்து கேக்கலாம். என் பேரை முதல்ல எழுதிக்கோங்க.

எங்க அத்தை இன்னைக்கும் கிள்ளிக் குடுக்கிறதை நிறுத்தல. மசக்கைக்காரிக்கு நானும் காசு வாங்க மாட்டேன். அது உறவு. ஆனா கடைக்குப் போறது தொழில். அதுல என் கையும் ஒரு கணக்குதான். நோட்டுல இப்போ முதல் வரியில "என் கூலி"ன்னு எழுதிட்டுத்தான் மத்ததை எழுதுறேன். நீங்களும் இன்னைக்கு வீட்டுக்குப் போய் உங்க நோட்டை எடுத்துப் பாருங்க. அதுல நீங்க எங்க இருக்கீங்கன்னு தேடுங்க.