பசியும் புழுவும்

(விவசாயிகள் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



புழுக்கை கிடக்கும் இடத்துப் புல்லை ஆடு முகர்ந்து பார்த்து விலகிச் செல்வதை நீங்கள் கண்டிருப்பீர்கள். இது வெறும் அருவருப்பு அன்று, தற்காப்பாகும். புழுக்கையோடு வெளிவரும் குடற்புழு முட்டைகள், ஈரமும் வெதுவெதுப்பும் வாய்த்தால் ஏறக்குறைய ஒரு வாரத்தில் இளம்புழுக்களாகிப் புல்லின்மேல் ஏறுகின்றன. ஆயினும், எரு விழுந்த அவ்விடத்தில்தான் புல்லும் செழித்து வளர்கிறது. தின்றால் புழு, விட்டால் பசி. இந்தச் சங்கடத்தை விலங்குகள் எவ்வாறு தீர்த்துக்கொள்கின்றன?

ஜப்பான் நாட்டுக் கோஷிமா தீவில் வாழும் குரங்குகளைப் பற்றிய ஆராய்ச்சி ஒன்று 2015ஆம் ஆண்டில் வெளியாயிற்று. மலத்தின்மேல் வைத்த கோதுமை மணிகளை அவை பெரும்பாலும் ஒதுக்கின. நிலக்கடலையை வைத்தபோதோ, எடுத்துத் தின்றன. கோதுமை மணியைவிடக் கடலையில் ஊட்டம் அதிகம். ஆகவே, கிடைக்கும் பயனை எடைபோட்டே விலங்கு ஆபத்தை ஏற்கிறது. தூய்மை பேணும் குரங்குகளிடம் குடற்புழு குறைவாகக் காணப்பட்டது என்பதும் கருதத்தக்கது.

ஆடுகளை வைத்து ஸ்காட்லாந்தில் நடத்திய சோதனைகளும் இதையே காட்டின. பசி மிகுந்த ஆடு, அசுத்தமான புல்லை அவ்வளவாக ஒதுக்குவதில்லை. அந்நாட்டின் மேற்கே செயின்ட் கில்டா தீவுகளில் சோய் என்னும் ஆடுகள் மேய்ப்பாரின்றித் திரிகின்றன. புல் குறையும் குளிர்காலத்தில், சில ஆண்டுகளில் பட்டினியும் புழுவும் ஒருங்கே தாக்க, அவை பெருவாரியாக மடிகின்றன.

நண்பர்களே, வேறிடம் இருந்தால்தான் விலகிச் செல்லவும் முடியும். மேய்ச்சல் புறம்போக்கு சுருங்கச் சுருங்க, நம் ஆடு விலகும் வழியை இழக்கிறது. மருந்து கொடுத்த ஆட்டையும் பசியோடு அதே இடத்தில் விட்டால், புழு மீண்டும் பற்றும்.

எனவே, புல்லின் அடிப்பகுதியில்தான் இளம்புழுக்கள் மிகுதி என்பதை நினைவில் வைத்து, தரையொட்ட மேயுமுன் மந்தையை இடம் மாற்றுங்கள். காலைப் பனி உலர்ந்தபின் ஓட்டிச் செல்லுங்கள். அகத்தி போன்ற தழைகளைத் தரையில் போடாமல் உயரத்தில் கட்டுங்கள். கால்நடை மருத்துவர் கூறும் காலத்தில் மருந்து கொடுங்கள்.

பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கு ஒரு வார்த்தை. புறம்போக்கில் ஆக்கிரமிப்பு நேரும்போது, போவது நிலம் மட்டும் அன்று. ஏழையின் ஆட்டுக்கு இயற்கை அளித்த தற்காப்பும் போகிறது. எஞ்சியுள்ள மேய்ச்சல் நிலத்தை அளந்து, எல்லைக் கல் நட்டுக் காப்பது உங்கள் கடமை.